கேமை மாத்துறதுக்கு முன்னாடி வால்வு கவரைத் திறங்க

ருவான்வெல்லை, எட்டியாந்தோட்டைப் பக்கம் எங்கட வயசுப் பொடியன் ஒருத்தன் பழைய சிவிக் வாங்கினால், ரெண்டாவது மாதமே ஒரு கேள்வி வந்துவிடுகிறது: "மச்சான், கேம் போடலாமா?" கேட்ட உடனே பத்துப் பேர் பதில் சொல்வார்கள். எந்த பிராண்டு, எத்தனை டிகிரி, எந்த ஸ்பிரிங், யாரிடம் ட்யூனிங். போடணுமா என்று மட்டும் யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

நாங்கள் கேட்கிறோம். எங்கள் பதிலையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ரெண்டு லட்சம் கிலோமீற்றருக்கு மேல் ஓடிய, தினமும் ஓடித்தான் ஆகவேண்டிய வாகனத்துக்குப் பெரிய கேம் ஷாஃப்ட் போடுவது காசைக் கொடுத்து வேகத்தைக் குறைக்கிற வேலை. அந்தக் காசில் பாதியைக்கூடச் செலவழிக்காமல், உள்ளே ஏற்கனவே இருக்கிற கேமும் வால்வும் கம்பனி சொன்ன அளவில் வேலை செய்யும்படி ஆக்கலாம். அப்படிச் செய்தாலே பலருடைய வண்டி இப்போது ஓடுவதைவிட வேகமாக ஓடும்.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் சிரிப்பார்கள். இன்னும் சிலர் வேறு மாதிரிச் சிரிப்பார்கள்: லயத்துல இருக்கிறவனுக்கு எதுக்குடா சிவிக்? முதலாவது சிரிப்புக்குப் பதில் இந்தக் கட்டுரை. ரெண்டாவது சிரிப்புக்கு நாங்கள் பதில் சொல்லப் போவதில்லை. கொழும்பில் கடையில் நின்று, கூரியர் ஓட்டி, லீசிங் கட்டி ஒருத்தன் தனக்குப் பிடித்த வண்டியை வாங்குவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அவன் காசு அவனுக்கே உபயோகப்படணும் என்பதுதான் எங்கள் கவலை.

இந்தப் பேச்சு இப்போது ஏன் முக்கியம் என்றால், இந்த நாட்டில் வாகனங்கள் வயதாகிவிட்டன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின, விலையும் ஏறியது. திறந்த பிறகும் புதுசு வாங்குவது எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத விஷயம். ஆகவே நாங்கள் பேசுவது 1995க்குப் பிறகு வந்த ஈகே வகை சிவிக்கைப் பற்றி. கிட்டத்தட்ட எங்களைவிட வயசான வண்டி. மீட்டரில் எவ்வளவு காட்டினாலும் அதை நம்ப வேண்டாம். மீட்டரைத் திருப்புவது இந்த வியாபாரத்தில் ரகசியமே இல்லை.

சரி, கேம் என்ன செய்கிறது? எஞ்சினின் தலையில் சுற்றுகிற தண்டு அது. அதில் முட்டை வடிவத்தில் மேடுகள் இருக்கும். மேடு சுற்றி வரும்போது ராக்கரை அமுக்கும், ராக்கர் வால்வைத் திறக்கும், ஸ்பிரிங் அதை மூடும். எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால் கேம் 3,000 சுற்றும். அதாவது ஒவ்வொரு வால்வும் ஒரு நொடிக்கு 50 தடவை திறந்து மூடுகிறது. மேடு எவ்வளவு உயரம் என்பதை லிஃப்ட் என்கிறார்கள். எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறது என்பது டியூரேஷன். "பெரிய கேம்" என்றால் பெரும்பாலும் ரெண்டும் கூடியது.

எல்லாச் சிக்கலும் அந்த டியூரேஷனில்தான் இருக்கிறது. பெரிய கேமில், பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்லெட் வால்வு திறந்தே இருக்கும். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது இது நல்லது. உள்ளே வருகிற காற்றுக்கு அவ்வளவு வேகம் இருப்பதால், பிஸ்டன் மேலே வந்தாலும் அது தொடர்ந்து உள்ளே தள்ளிக்கொண்டு வரும். மெதுவாகச் சுற்றும்போது அந்த வேகம் இல்லை. உள்ளே வந்த காற்றையே பிஸ்டன் வெளியே தள்ளிவிடும். 2,000, 2,500 சுற்றில் உங்கள் எஞ்சின் வாங்கிய மூச்சில் ஒரு பங்கைத் திருப்பித் துப்பிக்கொண்டு இருக்கும். எக்ஸோஸ்ட் வால்வும் இன்லெட் வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் இடைவெளியும் (ஓவர்லாப்) கூடிவிடுவதால் ஐட்லிங்கில் புகையும் பெட்ரோலும் கலந்து எஞ்சின் தடுமாறும். அந்தத் தடுமாற்றச் சத்தத்துக்குத்தான் வீடியோக்களில் ஆயிரக்கணக்கில் லைக் விழுகிறது. எஞ்சின் சரியாக எரிக்க முடியாமல் திணறுகிற சத்தத்தை நாம் வீரம் என்று கேட்டுக்கொண்டு இருக்கிறோம்.

இதை ஹொண்டாக்காரர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வீடெக் என்ற ஏற்பாடே இந்தச் சிக்கலுக்கான விடைதான். 1980களில் ஹொண்டா பொறியியலாளர் இகுவோ கஜிதானியின் குழுவுக்கு வைக்கப்பட்ட இலக்கு, டர்போ இல்லாமல் ஒரு லீற்றருக்கு 100 குதிரைவலு. ரேஸ் கேம் போட்டால் அதை எடுத்துவிடலாம். ஆனால் அந்தக் காரில் சந்தைக்குப் போக முடியாது. எனவே ஒரே தண்டில் ரெண்டு வகை மேடுகளை வைத்தார்கள். சாதாரண ஓட்டத்துக்குச் சாந்தமான மேடு. உச்ச வேகத்துக்குப் பெரிய மேடு, அதற்கென்று நடுவில் தனியாக ஒரு ராக்கர். குறிப்பிட்ட சுற்று வந்ததும் எஞ்சின் ஒயிலின் அழுத்தம் ஒரு சிறிய பின்னைத் தள்ளி மூன்று ராக்கரையும் ஒன்றாகப் பூட்டும். 1989இல் இன்டெக்ராவில் வந்த பி16ஏ எஞ்சின் 1.6 லீற்றரில் 160 குதிரைவலு கொடுத்தது, அதுவும் 7,600 சுற்றில். அதே எஞ்சின் காலையில் சாதுவாக ஸ்டார்ட் ஆகி, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விடவும் செய்தது. ஈகே 3இல் இருக்கிற 1.5 லீற்றர் டி15பி இன்னும் ஒரு படி மேல். அதில் மூன்று கட்டம். மெதுவாக ஓடும்போது சிலிண்டருக்கு ஒரு இன்லெட் வால்வு ஏறக்குறைய சும்மா இருக்கும், பெட்ரோல் மிச்சம். மேலே 130 குதிரைவலு.

இப்போது யோசித்துப் பாருங்கள். உங்கள் எஞ்சினில் ஏற்கனவே ஒரு பெரிய கேம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர்களே, தினசரி ஓட்டத்தில் அதை ஒளித்து வைக்க வேண்டும் என்று இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். நாம் காசு கொடுத்து அந்தச் சாந்தமான மேட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எந்நேரமும் உறுமுகிற ஒன்றை மாட்டுகிறோம். இதற்குப் பெயர் அப்கிரேடாம்.

இது எங்கள் றோட்டில் எப்படி இருக்கும்? அவிசாவளையில் தொடங்குகிற ஏ7 பாதை கரவனெல்லை, எட்டியாந்தோட்டை, கித்துல்கல, கினிகத்தேனை என்று ஏறி ஹட்டனுக்குப் போகிறது. களனி ஆற்றங்கரையின் பள்ளத்திலிருந்து ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்துக்கு. நாலு பேரும் டிக்கியில் மூட்டையுமாக, முன்னால் ஒரு பஸ், வளைவுக்கு வளைவு மழை. ரெண்டாவது கியர், மூன்றாவது கியர், 2,000க்கும் 4,000க்கும் இடையில் எஞ்சின். அந்த இடத்தில்தான் உங்களுக்கு இழுவை வேணும். பெரிய கேம் பலத்தை எடுப்பதும் சரியாக அந்த இடத்திலிருந்துதான்; கொடுப்பது 6,500க்கு மேலே. கொழும்புப் பக்கம் போனாலும் ஹங்வெல்லை தாண்டி டிராஃபிக்கில் 1,500 சுற்றில் ஊர வேண்டியதுதான். வருடத்தில் எத்தனை நிமிடம் நீங்கள் 7,000 சுற்றுக்கு மேல் ஓட்டுகிறீர்கள்? அந்த நிமிடங்களுக்காக மிச்ச நேரம் முழுக்கத் தண்டனை.

இது புது எஞ்சினுக்கே உள்ள சங்கதி. பழைய எஞ்சினுக்கு இன்னும் கொடுமை. ரிங் தேய்ந்திருக்கும், கம்ப்ரெஷன் ஏற்கனவே குறைந்திருக்கும். அதற்கு மேல் இன்லெட் வால்வைத் தாமதமாக மூடினால் மிச்சமிருக்கிற அழுத்தமும் போகும். வால்வு கைடு விரிந்திருக்கும், அதன் மேலுள்ள ரப்பர் சீல் முப்பது வருடச் சூட்டில் பிளாஸ்டிக் மாதிரி இறுகியிருக்கும். இதைக் கண்டுபிடிக்கக் கராஜ்கூடத் தேவையில்லை. கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலவுக்கு அக்ஸிலரேட்டரை விட்டு, கியரில் இறங்கி வாருங்கள். கீழே சமதரை வந்து மறுபடி மிதிக்கும்போது பின்னால் வருகிறவர் நீலப் புகையைப் பார்த்தால், இறக்கத்தில் எஞ்சினுக்குள் உண்டான வெற்றிடம் கைடு வழியாக ஒயிலை உறிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். மாறாக, மேட்டில் அமுக்கி ஏறும்போது தொடர்ந்து புகை வந்தால் சந்தேகம் ரிங் மேல். ரெண்டில் எது இருந்தாலும் கேம் அதற்கு மருந்தாகாது.

பெரிய கேமுக்குக் கடினமான ஸ்பிரிங் வேணும். இல்லாவிட்டால் உச்ச வேகத்தில் வால்வு மேட்டைப் பின்தொடர முடியாமல் மிதக்கும், மூட வேண்டிய நேரத்தில் மூடாது, பிஸ்டன் வந்து முட்டும். கடினமான ஸ்பிரிங் போட்டால் கேம், ராக்கர் எல்லாவற்றிலும் அழுத்தம் கூடும். பி16ஏயின் ராக்கர் கேமின் மேல் வழுக்கி ஓடுவது. முப்பது வருடம் பழைய மேட்டோடு தேய்ந்து பழகிய முகம் அது. அதன் மேல் புது மேடும் புது அழுத்தமும் வந்தால் ரெண்டில் ஒன்று அரிபடும். அரிபட்ட இரும்புத்தூள் ஒயிலோடு சேர்ந்து கீழே பேரிங்குக்குப் போகும். லிஃப்ட் கூடினால் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டுகிறதா, ரிட்டெய்னர் சீலில் இடிக்கிறதா, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி போதுமா என்று ஒவ்வொன்றாக அளந்து பார்க்கணும். பிஸ்டன் தலையில் களிமண் வைத்துக் கையால் சுற்றி, பதிந்த தடத்தை அளப்பது பழைய முறை. இதையெல்லாம் செய்கிற பாஸ்மார் இருக்கிறார்கள், அவர்களுக்கு எங்கள் மரியாதை. "அதெல்லாம் வேணாம் தம்பி, போட்டா ஓடும்" என்று சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

எங்கள் ஊர் இறப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிற அம்மாமாருக்கு இது புரியும். வழமையான மரத்தில் பட்டையைப் பார்த்துப் பார்த்து, உள்தோல் காயப்படாமல் வெட்டுவார்கள். பிடுங்கப் போகிற கிழட்டு மரத்தில் மட்டும் மருந்து பூசி, மேலேயும் கீழேயும் வெட்டி, இருக்கிற பாலையெல்லாம் எடுத்துவிடுவார்கள். அந்த மரம் அடுத்த வருஷம் நிற்க வேண்டியதில்லை. உங்கள் வண்டி நிற்கணும், லீசிங் இன்னும் முடியவில்லை.

இன்னொரு விஷயம், எங்களுக்குக் கொஞ்சம் கோபம் வருகிற விஷயம். "வண்டி இழுக்குதில்ல, கேம் போடணும்" என்று சொல்கிற பலருடைய வண்டியில் வீடெக் வேலையே செய்வதில்லை. அந்தப் பின்னைத் தள்ளுவது ஒயிலின் அழுத்தம் என்று சொன்னோமே, அந்த ஒயில் வரும் வழியில் சொலனாய்டுக்குக் கீழே ஒரு சிறிய வலை உண்டு. ஒயிலை நேரத்துக்கு மாற்றாத எஞ்சினில் அந்த வலை கரிக்கசடால் அடைத்துக்கொள்ளும். ஒயில் மட்டம் குறைந்தாலும் இதே கதை. வலையோடு சேர்ந்த அந்த கேஸ்கட்டின் விலையை பஞ்சிகாவத்தையில் விசாரித்துப் பாருங்கள், பிறகு ஒரு சோடி கேமின் விலையைக் கேளுங்கள். உள்ளே இருக்கிற பெரிய கேமை எழுப்பாமலே வெளியிலிருந்து இன்னொரு கேம் வாங்கப் போகிறோம்.

அப்போ காசை எதில் போடுவது? முதலில் வால்வு கிளியரன்ஸ். ராக்கருக்கும் வால்வின் நுனிக்கும் இடையில் விடப்படும் மெல்லிய இடைவெளி அது. பி16ஏக்கு இன்லெட் பக்கம் 0.15 முதல் 0.19 மில்லிமீற்றர், எக்ஸோஸ்ட் பக்கம் 0.17 முதல் 0.21. இதை எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போதுதான் அளக்க முடியும், 38 பாகை செல்சியஸுக்குக் கீழே. ஆகவே காலையில் ஓட்டிக்கொண்டு போய் "உடனே செஞ்சு தாங்க" என்றால் அளவு பிழைக்கும். முதல் நாள் பின்னேரமே வண்டியைக் கராஜில் விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வாருங்கள்.

இதில் எல்லாரும் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிற ஒன்று உண்டு. டிக் டிக் என்று சத்தம் வந்தால் பயப்படுகிறார்கள், சத்தமே இல்லை என்றால் "சூப்பர் எஞ்சின்" என்கிறார்கள். சத்தம் போடுகிற வால்வு இடைவெளி கூடின வால்வு. அது கொஞ்சம் குறைவாகத் திறக்கிறது, அவ்வளவுதான். ஆபத்து மௌனமாக இருக்கிற எக்ஸோஸ்ட் வால்வில். வால்வு இருக்கையில் மெல்ல மெல்லப் புதைந்து போகப் போக அந்த இடைவெளி சுருங்கும். ஒரு நாள் இடைவெளியே இல்லாமல் போனால் வால்வு முழுசாக மூடாது. மூடாத வால்வுக்குச் சூட்டைத் தலைக்குக் கடத்த வழியில்லை, விளிம்பு கருகித் துண்டு போகும். பிறகு அந்த சிலிண்டர் இல்லை. சில மிட்சுபிஷி எஞ்சின்களில் ஒயில் அழுத்தத்தாலேயே இடைவெளியைச் சரிசெய்கிற அட்ஜஸ்டர் இருக்கும், அங்கே கணக்கு வேறு. அந்த டிக் டிக் பெரும்பாலும் ஒயில் சம்பந்தப்பட்டது.

கிளியரன்ஸ் சரியான பிறகு கம்ப்ரெஷன் பாருங்கள். மொத்த எண்ணைவிட நாலு சிலிண்டருக்கும் இடையிலான வித்தியாசம் முக்கியம்; ஹொண்டா அனுமதிக்கிற உச்சம் 28 பிஎஸ்ஐ. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் இன்றைக்கே மாற்ற வேண்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். பி16ஏயில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும். அதோடு வாட்டர் பம்ப், கேம் சீல், தேவையென்றால் வால்வு சீல். இதையெல்லாம் செய்த பிறகும் வண்டி மந்தமாக இருந்தால் வந்து சொல்லுங்கள்.

"கேமைக் கடைந்து தர்றோம், பாதிக் காசு" என்று ஒரு குறுக்கு வழியும் சொல்வார்கள். பழைய கேமின் அடிவட்டத்தைத் தேய்த்துச் சின்னதாக்கினால் மேடு உயரமாகத் தெரியும், உண்மைதான். கூடவே மேல்புறத்தின் இறுகிய படையும் தேய்ந்து மெல்லியதாகிறது, ராக்கரின் கோணமும் மாறுகிறது. நல்ல இயந்திரமும் நல்ல கையும் இருந்தால் முடியாதது இல்லை. தினசரி வண்டிக்கு வேண்டாம்.

வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வருஷா வருஷம் புகைப் பரிசோதனைக்குப் போகணும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். ஐட்லிங்கில் எரியாத பெட்ரோலை அளக்கிற இடத்துக்கு, ஐட்லிங்கில் பெட்ரோலை எரிக்காமல் விடுகிற கேமோடு போகிறோம். 2022இல் கியூஆர் காட்டி வாரத்துக்கு 20 லீற்றர் வாங்கிய காலத்தை இவ்வளவு சீக்கிரம் மறந்தோமா என்றும் கேட்கலாம்.

"அப்போ மஹகஸ்தொட்டையில் ஓடுறவங்க முட்டாளா?" இல்லவே இல்லை. நுவரெலியாவில் ஏப்ரலில் நடக்கிற அந்த மலையேற்றப் போட்டி 1930களிலிருந்து வருகிறது, நாங்களும் விரும்பிப் பார்ப்பது. ஆனால் அங்கே முன்வரிசைக்கு வருகிற வண்டிகள் லொறியில் ஏற்றிக் கொண்டுவரப்படுகின்றன. அவற்றின் எஞ்சினை அடிக்கடி திறந்து பார்ப்பார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மாவுக்கு மூச்சு முட்டினால் அந்த வண்டியில் கரவனெல்லை ஆதார வைத்தியசாலைக்குப் போக வேண்டியதில்லை. அவர்களுக்கு வேற வண்டி இருக்கிறது. உங்களுக்கு இருக்கிறதா?

இவ்வளவு சொல்லியும் ஒருத்தருக்கு ஆசை அடங்காது என்று தெரியும். பிழையில்லை, ஆசைதானே. பி16ஏ வைத்திருப்பவர்கள் வெளிக்கம்பனி ரேஸ் கேம்களை விட்டுவிட்டு, ஹொண்டாவே டைப் ஆர் கார்களுக்குச் செய்த கேமையும் அதற்குரிய ஸ்பிரிங்கையும் பாருங்கள். அதிலும் சாந்தமான மேடு சாந்தமாகவே இருக்கிறது. எஞ்சின் தலையைக் கழற்றிச் சீல், கைடு, வால்வு இருக்கை எல்லாம் சரிசெய்யும்போதுதான் போடணும், தனியாக இல்லை. ராக்கரைக் கையில் எடுத்து முகத்தைப் பார்க்கணும். டயல் கேஜ் வைத்து டைமிங் பிடிக்கணும். ட்யூனிங்குக்கான காசையும் முதலிலேயே எடுத்து வைக்கணும், பாதியில் காசு முடிந்து பழைய கம்ப்யூட்டரோடு ஓட்டுவது இருப்பதிலேயே மோசம். டி15பி வைத்திருப்பவர்களுக்கு எங்கள் ஆலோசனை இன்னும் சுருக்கம்: தொடாதீர்கள்.

காசுக் கணக்கை நாங்கள் போட்டுத்தர மாட்டோம், விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. நீங்களே போடலாம். கேம், ஸ்பிரிங், ரிட்டெய்னர், கேஸ்கட், கூலி, ட்யூனிங் என்று கூட்டி, வருகிற தொகையை 1,350ஆல் வகுங்கள். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் அது. அதற்கே எத்தனை வருஷம் றோட்டில் நின்றோம் என்பது எல்லாருக்கும் தெரியும். வருகிற விடை எத்தனை நாள் முழுப் பேர் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். கிளியரன்ஸ் பார்க்கிற கூலியையும் அதே மாதிரி வகுத்துப் பாருங்கள்.

கராஜுக்குப் போகும்போது ஒரு தாளும் பேனையும் கொண்டு போங்க. "செட் பண்ணியாச்சு" என்ற வார்த்தையை ஏற்றுக்கொள்ளாமல், திருப்புறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வால்விலும் எவ்வளவு இருந்தது என்று பாஸைக் கேட்டு எழுதுங்க. எட்டு இன்லெட், எட்டு எக்ஸோஸ்ட், மொத்தம் 16 எண். எழுதிய தாளோடு வாங்க, அதுக்குப் பிறகு கேமைப் பற்றிப் பேசுவோம்.